இரவு இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது?

சித்தி மகளுக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் மும்பையில் எம்.டி. பொது மருத்துவம் கிடைத்திருக்கிறது. போனில் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, மெத்தையை இங்கிருந்தே கொண்டு வரணுமா, அங்க வாங்கிக்கலாமா?" இரண்டாவது கேள்வி, "நான் தாக்குப்பிடிப்பேனாக்கா?" முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு, "நாளைக்குக் கூப்பிடுறேன்" என்று போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அவளைப் போல இந்த வருடம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறப் போகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. மும்பையில் ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் ரெசிடென்டாக, அதாவது மேற்படிப்பு படித்துக்கொண்டே வார்டில் வேலை பார்க்கிற டாக்டராக, இருந்தேன். இப்போது செம்பூரில் சின்னதாக ஒரு கிளினிக். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நான் சொல்வது கூட்டம் நிறைந்த எந்தப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும்.

வேலை நேரம்

விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு அதிர்ச்சியாக இருக்காது. 1992-ல் மத்திய அரசு வகுத்த ரெசிடென்சி திட்டத்தில் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று இருக்கிறது. கூடவே, தேவையைப் பொறுத்து மாறலாம் என்று ஒரு வாலும் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறையில் மணிக்கணக்கே கிடையாது, 'நியாயமான வேலை நேரம்' என்பதோடு சரி. 2024-ல் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48 எப்படி 74 ஆனது, அதுவும் எப்படிச் சலுகையாக ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நடைமுறை இதுதான். ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு டாக்டர் குழுவுக்கும், வாரத்தில் ஒரு எமர்ஜென்சி நாள், புதிதாக வரும் அவசர நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிற நாள். அன்று காலை எட்டு மணிக்கு உள்ளே போனால், மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து, வேலைகளைத் தீர்த்து, சாயங்காலம்தான் வெளியே வருவீர்கள். முதல் வருடத்துக்காரருக்கு ஜேஆர்-1 என்று பெயர், பழைய ஆட்கள் இன்னும் ஹவுஸ்மேன் என்பார்கள். அடுத்த வருடத்துக்காரர்கள் ரெஜிஸ்ட்ரார். அதற்கு மேல் லெக்சரர், யூனிட் ஹெட். இந்த ஏணியில் உங்களுக்கு நேர் மேலே இருக்கிற ஒரு படியைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மடித்த தாள்

ஞாபகசக்தியை நம்பாதீர்கள். இருபது மணி நேரம் விழித்திருந்த மூளைக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது.

ஒரு ஏ-4 தாளை நான்காக மடித்தால் கோட்டுப் பைக்குள் சரியாக உட்காரும். ஒரு வரிக்கு ஒரு நோயாளி: கட்டில் எண், பெயர், என்ன நோய், இன்று என்ன பாக்கி. பாக்கி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். ரத்தம் எடுத்து அனுப்பியதும் கட்டத்தில் பாதியை மட்டும் நிரப்புங்கள். ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மீதிப் பாதி. இது ஏதோ சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் அனுப்பியதற்கும் பார்த்ததற்கும் நடுவில்தான் ஆட்கள் சாகிறார்கள். சிறுநீரகம் பழுதான ஒருவருடைய பொட்டாசியம், இதயத்தையே நிறுத்தக்கூடிய 6.8 என்று லேப்பில் தயாராகிக் கிடக்கும், நீங்களோ 'அனுப்பியாச்சு' என்று நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

டியூட்டி மாற்றிக் கொடுக்கும்போது இந்தத் தாளை அப்படியே நீட்டாதீர்கள். இன்றிரவு மோசமாகக் கூடிய மூன்று பேர் யார் என்று மேலே எழுதி, வருகிறவரை அந்த மூன்று கட்டிலுக்கும் நடத்திக் கூட்டிப் போங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். நீங்கள் ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்த பிறகு போன் வராமல் இருப்பது அந்த ஐந்து நிமிஷத்தில்தான் இருக்கிறது.

மாமா, மௌஷி

மும்பை ஆஸ்பத்திரிகளில் ஆண் உதவியாளர்களை 'மாமா' என்பார்கள், அதே நம்ம ஊர் மாமாதான். பெண் உதவியாளர்கள் 'மௌஷி', அதாவது சித்தி. வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய மராத்தி வாக்கியம் ஒன்றே ஒன்று: "ஜேவ்லாத் கா, மௌஷி?" சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை நில்லுங்கள். எந்த ஸ்ட்ரெச்சரின் சக்கரம் ஓடும், எந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காலி, ரத்த வங்கிக்குக் குறுக்கு வழி எது என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, மௌஷியிடம் இருக்கிறது.

கப்ராஹட்

நாம் பள்ளியில் இந்தி படித்தவர்கள் இல்லை. சரி, பேசப் பேச வந்துவிடும், மூன்று மாதம் போதும். மராத்தியில் 'குடே துக்தய்?' என்றால் எங்கே வலிக்கிறது, 'தம் லாக்தோ கா?' என்றால் மூச்சு வாங்குகிறதா. இவை எளிது. ஆபத்தானவை, பாதி புரிந்து மீதி புரியாத வார்த்தைகள். எனக்கு அப்படி வாய்த்தது 'கப்ராஹட்'.

முதல் வருடம், ஆகஸ்ட் மாதம். மழைக்காலத்தில் மெடிசின் வார்டில் டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் மூன்றும் கைகோத்து வரும். கட்டில் நிரம்பி, இரண்டு கட்டிலுக்கு நடுவே தரையில் மெத்தை விரித்திருக்கும். ட்ரிப் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டியிருப்போம். அந்த இரவு ஐம்பது வயதைத் தாண்டிய டாக்ஸிக்காரர் ஒருவர், சர்க்கரை நோயாளி, காய்ச்சலுக்காகச் சேர்ந்திருந்தவர், என்னைக் கூப்பிட்டு "கப்ராஹட் ஹோ ரஹீ ஹை" என்றார். கப்ராஹட் என்றால் பயம், பதற்றம் என்று ரூம்மேட் சொல்லிக் கொடுத்திருந்தாள். புது இடம், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முனகிக்கொண்டிருக்கிறார், பயமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அசிடிட்டிக்கு ஒரு ஊசி எழுதிவிட்டு அடுத்த மெத்தைக்குக் குனிந்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்து இரவு சிஸ்டர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "டாக்டர், அவர் தலையணையைத் தொட்டுப் பாருங்க." ஈரம். மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருக்கிறவருடைய தலையணை அப்படி நனையக் கூடாது. ஈசிஜி எடுத்தேன். 2, 3, ஏவிஎஃப் மூன்று லீட்களிலும் (இதயத்தை வேறு வேறு கோணத்தில் காட்டும் பதிவுகள்) எஸ்.டி. என்கிற கோட்டுப்பகுதி தூக்கிக்கொண்டு நின்றது. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

அப்போது மணி இரண்டு பத்து. ரெஜிஸ்ட்ரார் ஒன்றரைக்குத்தான் படுக்கப் போயிருந்தார். எழுப்பலாமா, முதலில் நாமே ஏதாவது செய்துவிட்டு எழுப்பலாமா என்று யோசித்தேன். ஆஸ்பிரின் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் கைக்கு வந்துவிட்டது. ஏனோ கொடுக்கக் கை வரவில்லை. இரண்டு இருபத்தைந்துக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்: "வலது பக்க லீட் எடுத்தியா?" எடுக்கவில்லை. ஓடிப்போய் எடுத்தேன். வலது கீழறையும் அடிபட்டிருந்தது. அந்த நிலையில் நைட்ரேட் கொடுத்திருந்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று சரிந்திருக்கும்.

அவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த நாள் ரெஜிஸ்ட்ரார் கேன்டீனில் வைத்துத் திட்டினார். "தூக்கத்துல எழுப்பினதுக்குத் திட்டலை. கால் மணி நேரம் யோசிச்சே பார், அதுக்குத்தான்."

கப்ராஹட் என்பதற்கு இன்று என் அகராதியில் உள்ள பொருள்: ஈசிஜி எடு. நம் ஆட்களுக்கும் இதே கதைதான். மும்பைத் தமிழர்களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. "நெஞ்சக் கரிக்கி", "ஒரு மாதிரி வருது", "படபடன்னு இருக்கு" என்பார்கள். தமிழில் சொல்கிறார்களே, நமக்குப் புரிந்துவிட்டது என்று மிதப்பாக இருந்துவிடாதீர்கள்.

எழுப்புவது எப்படி

இந்தக் கட்டுரையில் இது ஒன்றை மட்டும் படித்தாலும் போதும். முதல் வருடத்தில் உங்கள் வேலை எல்லாம் தெரிந்திருப்பது இல்லை, சரியான நேரத்தில் சரியான ஆளை எழுப்புவது.

போனை எடுக்கும் முன் நோயாளியின் பக்கத்தில் நில்லுங்கள், கேஸ் பேப்பர் கையில் இருக்கட்டும். பிறகு நாலே வாக்கியம். யாருக்கு இப்போது என்ன, எதற்காகச் சேர்ந்தவர், நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். உதாரணமாக: "சார், 14-ஆம் கட்டில், பிபி 80-க்கு 50 ஆகிவிட்டது. டெங்கு, ஐந்தாம் நாள், இன்று காலையில்தான் காய்ச்சல் விட்டது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று நினைக்கிறேன், சலைன் ஓட விட்டிருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள். பாதிப் பேர் அங்கேதான் "சும்மா தகவலுக்குச் சொன்னேன் சார்" என்று இறங்கிவிடுகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவர் "ம்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிடுவார்.

எப்போது எழுப்புவது? மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனால், ஈசிஜியில் புதிதாக ஏதாவது தெரிந்தால், ஆக்ஸிஜன் வைத்தும் அளவு ஏறாவிட்டால், பேசிக்கொண்டிருந்தவர் உளற ஆரம்பித்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால். அப்புறம், இருபது வருடம் சர்வீஸ் உள்ள சிஸ்டர் "எனக்கு இவரைப் பார்த்தா சரியாப் படலை" என்றால், காரணம் கேட்காமல் எழுப்புங்கள்.

கத்துகிற சீனியர்களும் உண்டு. எங்கள் யூனிட்டிலேயே ஒருவர் இருந்தார், "இதுகூடத் தெரியாதா, எந்தக் காலேஜ்ல படிச்சே" என்று ஊரையும் சேர்த்து இழுப்பார். முதல் இரண்டு மாதம் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். பிறகு கண்டுபிடித்தேன், அவர் கத்தி முடிக்கச் சுமார் ஒன்றரை நிமிஷம் ஆகும், அதற்குப் பிறகு சரியான பதிலைச் சொல்லிவிடுவார். அந்த ஒன்றரை நிமிஷத்தைக் கேஸ் பேப்பரில் "2.25 மணி, ரெஜிஸ்ட்ராருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதப் பயன்படுத்திக்கொண்டேன்.

இறந்துவிட்டார் என்று சொல்வது

கெட்ட செய்தி சொல்ல ஸ்பைக்ஸ் என்று ஆறு படி முறை ஒன்று இருக்கிறது, வால்டர் பெய்லும் சகாக்களும் 2000-ல் எழுதியது. நல்ல முறை, பரீட்சைக்கும் உதவும். ஆனால் அதன் முதல் படியே தனியறையில் உட்கார வைத்துப் பேசு என்பது. நம் வார்டில் தனியறைக்கு எங்கே போவது? நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு தமிழ்க் குடும்பம், தாராவியிலிருந்து. அப்பா இறந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. மகளிடம் போய், "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, "சரிக்கா, இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சுற்றி வளைத்தால் இப்படித்தான் ஆகும். "அப்பா தவறிட்டாங்கம்மா" என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இந்தியில் 'பச்சா நஹீன் பாயே' (காப்பாற்ற முடியவில்லை) என்று நிறுத்தாமல், 'உன்கீ மௌத் ஹோ கயீ ஹை' (அவர் இறந்துவிட்டார்) என்றே சொல்லுங்கள். போகும் முன் பெயரைக் கேஸ் பேப்பரில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சிஸ்டரோ மாமாவோ கூட இருக்கட்டும். கதவு உங்கள் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

கதவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துக்கம் கோபமாகத் திரும்ப ஒரு நொடி போதும், இருபது பேர் சேர்ந்துவிடுவார்கள். மகாராஷ்டிராவின் 2010 சட்டப்படி மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம், ஜாமீனில் விடமுடியாத குற்றம். அந்தச் சட்டம் அடி விழுந்த பிறகு வருவது. அடி விழும் முன் வருவது கதவுதான்.

பிறகு இறப்புச் சான்று, படிவம் 4. உடனடிக் காரணம், அதற்குக் காரணம், அடிப்படை நோய் என்று கீழே இறங்கி வர வேண்டும். 'இதயமும் மூச்சும் நின்றுபோயின' என்று எழுதாதீர்கள். இறந்தவர் எல்லோருக்கும் அவை நின்றுதான் போகும்.

உங்கள் உடம்பு

வருவதற்கு முன் ஹெபடைடிஸ்-பி எதிர்ப்பொருள் அளவைப் பாருங்கள், 10-க்குக் கீழே இருந்தால் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் பிழியாதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். சோப்பு, ஓடும் தண்ணீர். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் டோஸை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயனில்லை. மொத்தம் 28 நாள். 'இந்த நோயாளியோட அட்மிஷனை முடிச்சிட்டுப் போறேன்' என்று தள்ளிப்போடுகிற வழக்கம் எல்லோருக்கும் உண்டு. அட்மிஷன் காத்திருக்கும்.

டிபி பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், எனக்கே வந்ததால். இரண்டாம் வருடம். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். டியூட்டி அலுப்பு என்று மூன்று வாரம் ஓட்டினேன். பாவாடை நாடா இரண்டு விரல் அளவு உள்ளே போனது. இதே கதையை ஒரு நோயாளி சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருப்பேன். கடைசியில் ரூம்மேட்தான் காதைப் பிடித்துக் கூட்டிப் போனாள். நுரையீரல் உறையில் நீர். இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், முதல் நாள் பார்த்தபோது திடுக்கிட்டுத்தான் போனேன். அம்மாவிடம் சளி என்று சொல்லி வைத்தேன். ஊரிலிருந்து வந்தவள் தலையணைக்குக் கீழே மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, அன்றிரவு முழுக்க என் காலை அமுக்கிக்கொண்டே இருந்தாள். என்-95 மாஸ்க்கை உங்கள் காசில் வாங்கியாவது போடுங்கள். உங்களுக்கு இருமல் இரண்டு வாரம் தாண்டினால் நீங்களும் நோயாளிதான்.

சாப்பாட்டுக்கு வழி உண்டு. விடியற்காலையில் தாராவியிலிருந்து இட்லி, மெதுவடையைத் தூக்கிக்கொண்டு நம் ஊர்க்காரர்கள் நகரம் முழுக்கக் கிளம்புவார்கள். பாம் பாம் என்று ஹார்ன் சத்தம் கேட்டால் வார்டை விட்டு இரண்டு நிமிஷம் இறங்கி வாருங்கள். எங்கள் கேட்டில் நின்ற அண்ணாச்சி, நான் எமர்ஜென்சி முடித்து வருகிறேன் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, கேட்காமலே சட்னியை இன்னொரு கரண்டி ஊற்றுவார். பொடி, அப்பளம், வாழையிலை வரை மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும். ஊரிலிருந்து மூட்டை கட்டாதீர்கள்.

டியூட்டி முடிந்து வண்டி ஓட்டாதீர்கள். டியூட்டி ரூமின் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கொல்கத்தாவில் இரவு டியூட்டியில் இருந்த ஒரு பெண் டாக்டருக்கு நடந்ததற்குப் பிறகு, இதை யாரும் உங்களிடம் 'ரொம்பப் பயப்படுறே' என்று சொல்ல முடியாது. உடைந்திருந்தால் எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், ரெசிடென்ட்கள் சங்கமான மார்டிடமும் சொல்லுங்கள்.

ஊர், வீடு

2023 விதிமுறைப்படி வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். அண்ணன் கல்யாணத் தேதி தெரிந்த அன்றே கடிதம் எழுதிக் கொடுங்கள். நான் கேட்கத் தயங்கி, முகூர்த்தத்தை வீடியோ காலில் பார்த்தேன், பின்னணியில் மானிட்டர் சத்தத்தோடு. அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

தினமும் வீட்டுக்குப் பேச முடியாது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எமர்ஜென்சி நாளில் போன் வராது என்று. தூக்கம் வந்தும் தூங்க முடியாமல், சாப்பாடு இறங்காமல், நாம் இல்லாவிட்டால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தால், அது களைப்பு இல்லை. அப்போதும் யாரையாவது எழுப்ப வேண்டும். ரூம்மேட்டை எழுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். மனநலத் துறையில் போய் உட்கார்ந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று தோன்றும். நான் போனபோது வெளியே பெஞ்சில் என் ரெஜிஸ்ட்ரார் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மெத்தை விஷயம். நாலு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், ஒரு அறையில் மூன்று பேர் என்றால் பகலில் சுருட்டி வைக்க வேண்டியிருக்கும். நானே வாங்கி வைக்கிறேன். வண்டி எத்தனை மணிக்கு வந்தாலும் போன் பண்ணு, ஸ்டேஷனுக்கு வருகிறேன்.